உமா எந்த வழியில் வருகிறாள்?

தென்காசி
14 ஜூலை 2024

அன்புள்ள உமாவுக்கு,

அத்தையின் ஆசிகள். நான் சௌக்கியம். முழங்கால் மட்டும் படியேறும்போது தன் வயதைச் சொல்லிக் காட்டுகிறது. நீயும் ஜெகதீஸ்வரனும் சுகமாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். குற்றாலத்தில் சாரல் பிடித்துவிட்டது. நம் தெருவில் கார் நிறுத்த இடமில்லை. மாடியில் போட்ட துணி இரண்டு நாளாகக் காயவில்லை.

மின்னஞ்சல்தானே என்று இடமும் தேதியும் இல்லாமல் பதில் எழுதாதே. அப்படி எழுதினால் அது கடிதமல்ல, துண்டுச்சீட்டு என்று பாளையங்கோட்டை போர்டிங்கில் சிஸ்டர் திருப்பித் தந்துவிடுவார். நானும் திருப்பித் தருவேன்.

விஷயத்துக்கு வருகிறேன். பங்குனி உத்திரத்தன்று வடகரையில் நம் குலதெய்வம் மடைமேல் சாஸ்தாவுக்குப் படைப்பு முடிந்ததும், வகையறாவில் ஒவ்வொருவர் பெயரையும் உரக்க வாசித்துப் பங்கு வைப்பது உனக்குத் தெரியும். வந்தவருக்கும் பங்கு உண்டு, வெளியூரில் இருப்பவருக்கும் உண்டு. உன் மாமா இருந்தவரை அவர் வாசித்தார். இப்போது கொழுந்தனார் கோமதிசங்கர், நினைவிலிருந்து வாசிக்கிறார். இந்த வருஷம் சிவகிரிக் குடும்பம் ஒன்றை முழுதாக விட்டுவிட்டார். அந்த அம்மாள் இலையைத் தொடாமல் எழுந்து பஸ்ஸுக்குப் போய்விட்டாள். வாசிப்பது நம் வீட்டுப் பொறுப்பு. அந்த அவமானமும் நம் வீட்டுடையதுதான்.

"அடுத்த தடவை விட மாட்டேன் மதினி, எல்லாம் மனசுல இருக்கு" என்கிறார். மனசில் இருந்த லட்சணத்தைத்தான் பார்த்தோமே!

உன் நூலகத்தில் ஆட்களையும் புத்தகங்களையும் ஊர்களையும் உறவுகளால் கோத்து வைத்து, கேள்வி கேட்டால் பதில் வரும்படி செய்திருப்பதாக ஒருமுறை சொன்னாய். அதை எனக்குக் கற்றுக்கொடு. செய்து தர வேண்டாம், கற்றுக்கொடு. தொலைபேசியிலும் வேண்டாம். தொலைபேசியில் நீ "சரி அத்தை" என்பதைத் தவிர வேறெதுவும் சொல்வதில்லை.

பதிலை எதிர்பார்க்கும்
அத்தை,
தி. சண்முகசுந்தரி


உட்ரெக்ட்
28 ஜூலை 2024

அன்புள்ள அத்தைக்கு,

உமாவின் வணக்கம். நாங்கள் நலம். இங்கே இரவு பத்து மணி வரை வெளிச்சம் இருக்கிறது. முழங்காலுக்கு டாக்டர் சொன்ன பட்டையைக் கட்டுகிறீர்களா, அலமாரியில் வைத்திருக்கிறீர்களா?

நீங்கள் இலக்கணம் ஒழுங்காகப் படித்தவர்கள் என்பதால் என் வேலை சுலபம். இந்த முறையில் உலகத்தில் உள்ள எதையும் மூன்று துண்டு வாக்கியமாகத்தான் எழுத வேண்டும். ஒரு பொருள், ஓர் உறவு, இன்னொரு பொருள்.

தில்லைநாயகம் — மனைவி — சண்முகசுந்தரி
தில்லைநாயகம் — தம்பி — கோமதிசங்கர்
கோமதிசங்கர் — ஊர் — வடகரை

அவ்வளவுதான். ஒவ்வொரு பெயரும் ஒரு புள்ளி, ஒவ்வொரு உறவும் ஒரு கோடு. ஒரே பெயர் பல வாக்கியங்களில் வரும்போது கோடுகள் தாமாகவே பின்னிக்கொண்டு வலையாகிவிடும். அட்டவணைபோல முன்கூட்டியே கட்டம் போடத் தேவையில்லை. ஒருவரைப் பற்றிப் பத்து வரி இருக்கலாம், இன்னொருவரைப் பற்றி ஒன்றே இருக்கலாம்.

இந்த வலையிடம் பேசும் மொழிக்கு ஸ்பார்க்கிள் என்று பெயர். கேட்பதும் அதே மூன்று துண்டில்தான். தெரியாத துண்டுக்கு மட்டும் முன்னால் கேள்விக்குறி போட்டு ஒரு பெயர் வைப்போம்.

?யார் — ஊர் — வடகரை

இந்த அச்சில் பொருந்தும் எல்லா வரிகளையும் வலை தேடி, '?யார்' இருந்த இடத்தில் யார் யார் வருகிறார்களோ அவர்களைத் தரும். கேள்வி என்பது ஓட்டை விட்ட வாக்கியம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நம் குடும்பத்துக்கென்று ஒரு சின்ன வலை திறந்திருக்கிறேன். நீங்களும் நானும் மட்டும் எழுதலாம். ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்தால் குழம்பாமல் இருக்க, ஒவ்வொருவருக்கும் தனி அடையாளம் கொடுக்க வேண்டும். அதை அடுத்து எழுதுகிறேன். உங்கள் மகனுக்கு வேலை அதிகம், ஞாயிற்றுக்கிழமை பேசுவார்.

அன்புடன்,
உமா


தென்காசி
2 செப்டம்பர் 2024

அன்புள்ள உமாவுக்கு,

ஆசிகள். நான் சுகம். பட்டையைக் கட்டுகிறேன். நீ கேட்டதற்காகச் சொல்லவில்லை, உண்மையாகவே கட்டுகிறேன்.

ஆகஸ்ட் முழுவதும் வீடு வீடாகப் போனேன். கடையநல்லூர், செங்கோட்டை, வீரகேரளம்புதூர். வீ.கே.புதூரில் ஜோதிலட்சுமி, உன் மாமாவுக்கு ஒன்றுவிட்ட தங்கை, வாசலிலேயே நிறுத்திக் கேட்டாள்.

"எங்க வீட்டு ஆளுகள கம்ப்யூட்டர்ல போட்டு என்ன செய்யப் போறிய மதினி? வரன் பாக்கவா?"

"சோறு போட" என்றேன். உள்ளே விட்டாள்.

உறவு எழுதுவது எனக்குக் கைவந்துவிட்டது. ஆனால் உன் கேள்விமொழிக்கு மரியாதை தெரியவில்லை. வகையறாவில் உள்ள பெண்களை எல்லாம் கேட்டேன். தகவல் சொல்ல வசதியாக இருக்கட்டும் என்று கணவரின் தொலைபேசி எண்ணையும் சேர்த்துக் கேட்டேன்.

?பெண் — கணவர் — ?கணவர்
?கணவர் — தொலைபேசி — ?எண்

அழகாகப் பெயர்கள் வரிசையாக வந்தன. மூன்று தடவை படித்துப் பார்த்தேன். என் பெயர் இல்லை. வலை என் வீட்டில் இருக்கிறது, தகவல் முழுவதும் என் கையால் எழுதியது, அதில் நான் இல்லை! செங்கோட்டை அக்காள் இல்லை. இலையைத் தொடாமல் எழுந்து போனாளே, அந்தச் சிவகிரி அம்மாளும் இல்லை. மறுபடியும் இல்லை. நான் செய்த தவறு என்னவென்று தெரியாமல் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. உடனே எழுது.

அத்தை,
சண்முகசுந்தரி


உட்ரெக்ட்
5 செப்டம்பர் 2024

அன்புள்ள அத்தைக்கு,

வணக்கம். முதலில் சாப்பிடுங்கள். இந்த மொழி கற்கிற எல்லாரும் செய்கிற முதல் தவறு இதுதான். எங்கள் அலுவலகத்தில் பட்டம் வாங்கி வந்தவர்களும் செய்கிறார்கள்.

நீங்கள் இரண்டு வரி எழுதினால் வலை அதை "இதுவும் வேண்டும், அதுவும் வேண்டும்" என்று எடுத்துக்கொள்ளும். ஒரு வரி பொருந்தாவிட்டாலும் அந்த ஆளையே விட்டுவிடும். உங்களுக்குக் கணவர் உண்டு; மாமாவுக்கு இப்போது தொலைபேசி எண் கிடையாது. அந்த ஒரு வரியில் நீங்கள் விழுந்துவிட்டீர்கள். கணவரை இழந்த எல்லாப் பெண்களும் உங்களோடு விழுந்தார்கள்.

இரண்டாம் வரியை ஆப்ஷனல் என்ற சொல்லுக்குள் வையுங்கள். "இருந்தால் தா, இல்லாவிட்டால் ஆளை விடாதே" என்று அதற்குப் பொருள். எண் வர வேண்டிய இடத்தில் வெறும் கட்டம் வரும், பெயர் வந்துவிடும்.

இன்னொன்று. வலையில் ஒரு வரி இல்லையென்றால் அது பொய் என்று அர்த்தமில்லை. இன்னும் யாரும் சொல்லவில்லை என்றுதான் அர்த்தம். இந்தத் துறையின் அடிப்படை ஒப்பந்தமே அதுதான். எனக்கு இதில் மிகவும் பிடித்த விஷயமும் அதுதான் அத்தை.

உமா


தென்காசி
20 அக்டோபர் 2024

அன்புள்ள உமாவுக்கு,

ஆசிகள். இங்கே அனைவரும் நலம். ஐப்பசி மழை தொடங்கிவிட்டது, ஐந்தருவியில் குளிக்கத் தடை போட்டிருக்கிறார்கள். அங்கே குளிர் எப்படி?

நான் திரும்பி வந்துவிட்டேன். அந்த ஆப்ஷனல் வரியைப் போட்டு ஓட்டியதும் முதல் பெயர் என்னுடையது. செங்கோட்டை அக்காள், சிவகிரி அம்மாள், எல்லாரும் வந்தோம். கோமதிசங்கரைக் கூப்பிட்டுக் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார்.

"இத நீங்களா செஞ்சிய மதினி?"

"வேற யாரு? உங்க மனசா?" என்றேன்.

அவருடன் ஒரு சண்டையும் உண்டு. நம் முன்னோர் ஒருவர் ஏதோ ஜமீனில் திவானாக இருந்தார் என்று ஒரு வரி போடச் சொன்னார். யார் பார்த்தது, எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்டேன். "எல்லாரும் சொல்லுதாக" என்றார். போடவில்லை. நம்மில் ஒருவருக்கு நேரே தெரியாத எதுவும் இந்த வலைக்குள் வரக்கூடாது. கோபித்துக்கொண்டு காப்பி குடிக்காமல் போனார், மறுநாள் வந்து இரண்டு நாளுக்கும் சேர்த்துக் குடித்தார்.

இப்போது எனக்கு வேண்டியது இது. யாருக்கு எந்தச் சாஸ்தா என்று ஒவ்வொரு ஆளுக்கும் தனித்தனியே எழுத முடியாது. தகப்பன் வழியில் வருவது அது. பெண்கள் திருமணத்தோடு கணவரின் சாஸ்தாவுக்கு மாறிவிடுவோம். நான் பிறந்த வீட்டுச் சாஸ்தா ஆழ்வார்குறிச்சிப் பக்கம். இருபத்தொரு வயதில் வடகரைக்கு மாற்றலானேன். இதை வலைக்கு எப்படிச் சொல்வது?

ஆயுத பூஜைக்கு ஜெகதீஸ்வரன் பேசினான். நீ வேலையில் இருப்பதாகச் சொன்னான். போன மூன்று ஞாயிறும் அப்படித்தான் சொன்னான். உங்கள் நூலகம் ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்குமா?

அத்தை,
சண்முகசுந்தரி


லெய்டன்
8 டிசம்பர் 2024

அன்புள்ள அத்தைக்கு,

வணக்கம். பதில் இவ்வளவு தாமதமானதற்கு மன்னியுங்கள். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. உங்கள் சர்க்கரை அளவு எப்படி இருக்கிறது?

நீங்கள் கேட்டதற்கு ஸ்பார்க்கிளில் வழி என்றே பெயர். ஒரு புள்ளியிலிருந்து இன்னொரு புள்ளிக்கு எந்தெந்தக் கோடுகள் மேல் நடந்து போகலாம் என்று சொல்லிக் கேட்பது. வகையறாவின் மூத்தவர் ஒருவருக்கு மட்டும் 'சாஸ்தா — மடைமேல் சாஸ்தா' என்று எழுதிவிடுங்கள். பிறகு ஒருவரிடமிருந்து தொடங்கி, கணவர் இருந்தால் முதலில் கணவருக்குப் போ, அங்கிருந்து தந்தை, தந்தையின் தந்தை என்று எத்தனை படி ஆனாலும் ஏறு, சாஸ்தா வரும்போது நில் என்று கேட்கலாம். தந்தை என்ற சொல்லுக்குப் பின்னால் ஒரு நட்சத்திரக் குறி போட்டால் போதும். 'எத்தனை படி ஆனாலும்' என்பது அந்த ஒரு குறிதான். கேள்வியை முழுதாக எழுதித் தனியே அனுப்பியிருக்கிறேன்.

வழியில் ஒரே ஒரு கோடு இல்லாவிட்டாலும் போய்ச்சேர முடியாது. தகவலைச் சரிபாருங்கள்.

உமா


தென்காசி
19 ஜனவரி 2025

அன்புள்ள உமாவுக்கு,

ஆசிகள். பொங்கல் நன்றாக நடந்தது. சர்க்கரை நூற்று நாற்பதில் நிற்கிறது, அதற்கு மேல் அதையும் நான் விடுவதில்லை.

உன் வழிக் கேள்வி அருமை. டிசம்பரில் ஓட்டியபோது வகையறா முழுவதும் வந்தது. மும்பையில் இருக்கும் ஹரிஷங்கர், அவன் பெண் சஹானா வரைக்கும். கோமதிசங்கர் சத்தமாக வாசித்துப் பழகுகிறார். நேற்று கடைசியாக ஒருமுறை சரிபார்க்க ஓட்டினேன். எல்லாரும் இருக்கிறார்கள், நீ இல்லை.

முதலில் என் பிழை என்றே நினைத்தேன். புள்ளியை விட்டேனா, பெயரைத் தவறாக அடித்தேனா என்று காலையிலிருந்து பார்க்கிறேன். கேள்வி டிசம்பரில் இருந்த அதே கேள்வி. வலையில்தான் ஏதோ ஒரு வரி விழுந்திருக்கிறது. நான் எதையும் அழிக்கவில்லை. நம் இருவரைத் தவிர வேறு யாரும் அதில் எழுதவும் முடியாது. நீ பார்த்துச் சரிசெய்.

போன கடிதத்தில் இடம் லெய்டன் என்று போட்டிருந்தாய். அலுவலக வேலையாகப் போனாயா?

அத்தை,
சண்முகசுந்தரி


லெய்டன்
24 ஜனவரி 2025

வணக்கத்திற்குரிய அம்மா அவர்களுக்கு,

நலம். தங்கள் நலம் அறிய விரும்புகிறேன்.

கேள்வி சரியாக இருக்கிறது. வந்த விடையும் சரி. வலையில் சரிசெய்ய எதுவும் இல்லை.

மரியாதையுடன்,
உமா மகேஸ்வரி


தென்காசி
2 மார்ச் 2025

அன்புள்ள உமாவுக்கு,

ஆசிகள். உன் கடிதத்துக்குப் பதில் எழுத ஐந்து வாரம் எடுத்துக்கொண்டேன். எழுதத் தெரியாமல் அல்ல. கோபத்தில் எழுதக்கூடாது என்று காத்திருந்தேன். கோபம் தணியவில்லை, ஆனால் யார் மேல் என்று தெளிவாகிவிட்டது.

'வணக்கத்திற்குரிய அம்மா' என்று எனக்கு எழுத உனக்கு யார் அனுமதி கொடுத்தது? இனிமேல் அத்தை என்று எழுது.

உன் மூன்று வரியைப் படித்த அன்றே நான் ஒரு கேள்வி எழுதினேன். யார் துணையும் இல்லாமல், நானே. சண்முகசுந்தரியிடமிருந்து உமா மகேஸ்வரிக்கு எந்தக் கோட்டின் மேல் வேண்டுமானாலும், எத்தனை படி வேண்டுமானாலும் நடந்து ஒரு வழி இருக்கிறதா என்று கேட்டேன். விடை வெறுமையாக வந்தது. மகன் வரை போயிற்று, அங்கே நின்றுவிட்டது. ஜெகதீஸ்வரன் — மனைவி — உமா என்ற கோடு இல்லை. உன் பக்கத்திலிருந்த கோடும் இல்லை. பதினொரு வருஷமாக நீ எனக்கு உறவு. அந்த உறவு முழுவதும் அவன் ஒருவன் மேல்தான் நின்றிருக்கிறது என்று அன்றுதான் கண்ணால் பார்த்தேன்.

அவனைக் கூப்பிட்டேன்.

"ஏலே, உமா எங்கன இருக்கா?"

"லெய்டன்லம்மா."

"நீ?"

"உட்ரெக்ட்லதான். ரெண்டு வருசமாவே சரியில்லம்மா. அக்டோபர்ல தனியா போயிட்டா. ஜனவரியில கோர்ட்ல முடிஞ்சிட்டு. ஒங்களுக்கு பிரஷர் இருக்குன்னுதான் சொல்லல."

"எனக்கு பிரஷர் கெடையாது. சர்க்கரைதான் இருக்கு. எந்த நோயின்னுகூடத் தெரியாமலா மறைச்ச?"

அவன் மெதுவாகச் சொன்னான்: "இனிமே அவ நமக்கு யாரும் இல்லம்மா. விட்டுருங்க."

"ஒனக்கு யாரும் இல்ல. எனக்கு யாருன்னு நான் சொல்லுதேன்" என்று வைத்துவிட்டேன்.

யார் பக்கம் நியாயம் என்று உன்னிடம் கேட்கப் போவதில்லை. சொல்ல வேண்டும் என்று உனக்குத் தோன்றினால் சொல். ஒன்று மட்டும் எனக்குப் புரிகிறது. அந்த வரி இப்போது உண்மையில்லை என்பதால் நீயே அழித்தாய். திவானை உள்ளே விடாத நான் அதற்காக உன்னைக் குறை சொல்ல முடியாது. சரியாகத்தான் செய்தாய்.

ஆனால் வலையில் ஒரு வரி இல்லையென்றால் அது இன்னும் யாரும் சொல்லாதது என்று சொல்லிக்கொடுத்தவள் நீ. எனவே நான் சொல்கிறேன்.

எந்தச் சொல்லைப் போடுவது என்பதில்தான் நாள் போயிற்று. மகள் என்று போட மாட்டேன். நான் உன்னைப் பெறவில்லை, அது பொய். மருமகள் என்றால் நடுவில் ஒரு மகன் வேண்டும். அதனால் புதிதாக ஓர் உறவு வைத்தேன்.

சண்முகசுந்தரி — வீட்டார் — உமா மகேஸ்வரி

நடுவில் யாரும் இல்லை. நேர்க்கோடு. சாஸ்தா கேள்வியிலும் 'வீட்டார்' வழியே வருகிறவரையும் சேர் என்று எழுதிவிட்டேன். ஓட்டினேன், நீ வந்துவிட்டாய்.

இது உன்னைப் பற்றிய வரி. உனக்குச் சம்மதமில்லையென்றால் அழிக்கும் உரிமை உனக்கு உண்டு. அழித்தால் நான் ஏனென்று கேட்க மாட்டேன். அழிக்காவிட்டால் ஏப்ரல் பதினொன்றாம் தேதி உன் பெயர் வாசிக்கப்படும்.

அத்தை,
சண்முகசுந்தரி


லெய்டன்
9 மார்ச் 2025

அன்புள்ள அத்தைக்கு,

உமாவின் வணக்கம். நான் நலம். இதற்கு முன் எழுதிய சில கடிதங்களில் அது உண்மையில்லை. இப்போது உண்மை.

உங்களிடம் சொல்லக்கூடாது என்று முதலில் கேட்டுக்கொண்டது அவர்தான். ஆனால் நான் அதற்குச் சம்மதித்தது அவருக்காக அல்ல. சொன்னால் இந்தக் கடிதங்கள் நின்றுவிடும் என்று பயந்தேன். எங்கள் வீட்டில் பேச்சு நின்றுபோன மாதங்களில் உங்கள் கேள்விகளுக்குத்தான் நான் முழுவாக்கியத்தில் பதில் எழுதினேன். கோர்ட் காகிதம் வந்த அன்று வலையைத் திறந்தேன். கோட்டை அழிக்காமல் அதற்கு முடிவுத் தேதி மட்டும் போட்டிருக்கலாம். எங்கள் அலுவலகத்தில் அப்படித்தான் செய்வோம். ஆனால் அப்படிச் செய்தால் அந்தக் கோட்டின் மேல் நடந்து நான் உங்கள் சாஸ்தா முன்னால் வந்து நிற்பேன். உரிமையில்லாத பந்தியில் உட்கார்வதுபோல் கூசியது.

நீங்கள் போட்ட வரியை நான் அழிக்கவில்லை. ஆனால் அதில் ஒரு குறை இருக்கிறது. கோடு உங்களிடமிருந்து என்னிடம் வருகிறது, என்னிடமிருந்து உங்களிடம் திரும்பவில்லை. என்னிலிருந்து கேள்வியைத் தொடங்கினால் நீங்கள் கிடைக்க மாட்டீர்கள். 'வீட்டார்' என்பது இரு பக்கமும் ஒன்றுபோல் செல்லும் உறவு என்று ஒரு விதி சேர்த்திருக்கிறேன். ஒருவர் சொன்னாலே போதும், மற்றவருக்கும் அது உண்மையாகிவிடும்.

பழைய கோட்டையும் முடிவுத் தேதியோடு திரும்பப் போட்டுவிட்டேன். தேதி முடிந்த கோட்டின் மேல் கேள்வி நடக்காதபடி செய்திருக்கிறேன். நடந்தது நடந்ததுதானே.

அன்புடன்,
உமா


தென்காசி
13 ஏப்ரல் 2025

அன்புள்ள உமாவுக்கு,

அத்தையின் ஆசிகள். நாளைக்குச் சித்திரை பிறக்கிறது, உனக்கு வாழ்த்துகள். நான் நலம். வெள்ளிக்கிழமை வெயிலில் நின்ற களைப்பு இன்னும் போகவில்லை.

கூட்டம் நல்ல கூட்டம். மடைக்குப் பக்கத்துத் தென்னந்தோப்பில் பந்தல் போட்டிருந்தோம். கோமதிசங்கர் தாளைப் பிடித்துக்கொண்டு கோவில் மணிபோல வாசித்தார். சிவகிரி அம்மாள் பெயர் வந்ததும் எழுந்து நின்று வாங்கிக்கொண்டாள். நம் வீட்டுக்கு வந்தார். என்னை வாசித்தார். ஜெகதீஸ்வரனை வாசித்தார். அவன் என் மகன் என்பது உண்மை, அதை நான் எடுக்கவில்லை. அடுத்த பெயரில் நிறுத்திவிட்டார்.

"மதினி, இங்கன ஒரு பேரு இருக்கே."

"இருக்கத்தான் செய்யும். வாசிங்க."

"அத்துப்போச்சுன்னு ஜெகன் எங்கிட்ட சொன்னானே? அப்புறம் அவ எந்த வழியில வாரா?"

"என் வழியில வாரா."

பந்தலின் பின்னாலிருந்து ஜோதிலட்சுமி குரல் கொடுத்தாள். "தீத்துவிட்ட பொண்ணுக்குச் சாஸ்தா பங்கா? இது எங்க உள்ள நடமொறை? நாங்க கேட்டதே இல்லையே!"

நான் எழுந்தேன். முழங்கால் வலித்தது, எழுந்தேன். "ஒங்க அண்ணன் போயி பன்னெண்டு வருசமாச்சு. நான் இங்கன எந்த வழியில ஒக்காந்திருக்கேன்? அவுக வழியில. செத்துப்போனவுக வழியில நான் வரலாம். உசுரோட நிக்க என் வழியில அவ வரக்கூடாதா? பதில் சொல்லுங்க, நான் அந்தத் தாளக் கிழிச்சுப் போடுதேன்."

கோமதிசங்கர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, அதுவரை வாசித்த எல்லாப் பெயரையும்விட உரக்க வாசித்தார்: "உமா மகேஸ்வரி!"

உன் பங்கைக் கைநீட்டி நானே வாங்கினேன். அரைமூடித் தேங்காய், வாழைப்பழம், சர்க்கரைப் பொங்கல். பொங்கலை அங்கேயே உட்கார்ந்து முழுவதும் சாப்பிட்டேன். டாக்டரிடம் நீ சொல்லாதே, நானும் சொல்லப் போவதில்லை.

இனி உன் வேலை. பாத்திரம் எடுத்து வைத்துக்கொண்டிருந்தபோது பொன்செல்வி என் பக்கத்தில் வந்து நின்றாள். கடையநல்லூர்ப் பெண். புருஷன் வீட்டிலிருந்து திரும்பி வந்து அண்ணன் வீட்டில் இருக்கிறாள். ஆறு வருஷமாக அவள் பெயரை அங்கேயும் வாசிப்பதில்லை, இங்கேயும் வாசிப்பதில்லை என்பது எனக்கே அப்போதுதான் உறைத்தது.

"பெரியம்மா, எம் பேரையும் அந்த மிஷின்ல போடுவியளா?"

"ஒங்க அம்மாகிட்ட கேட்டியா?"

"அம்மாதான் அனுப்பி வச்சா."

அவளைப் போல இன்னும் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரிய வேண்டும். யாரும் விட்டுப்போனதாகச் சொல்லாததால் விட்டுப்போனவர்கள் தெரிவதே இல்லை. எந்த வழியிலும் சாஸ்தாவைப் போய்ச் சேராத பெண்கள் எல்லாரையும் கொண்டுவரும்படி ஒரு கேள்வி எழுதத் தொடங்கியிருக்கிறேன். 'இப்படி ஒரு வழி இல்லாதபோது' என்று கேட்க இந்த மொழியில் ஒரு சொல் இருக்க வேண்டுமே, அதை எந்த வரிக்கு முன்னால் வைப்பது? இந்த வாரமே எழுது. பொன்செல்வி நாளை மறுநாள் அம்மாவை அழைத்துக்கொண்டு வருகிறாள்.

அத்தை,
சண்முகசுந்தரி